இரண்டு அசையில் ஒரு கொலைகாரன்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். முழுசாக ஞாபகம் இல்லை. வெளிநாடு போய்த் திரும்பி வருகிறவன், வந்த கையோடு சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஒரு தடவை... இந்த இடத்தில்தான் மறந்துவிட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்றாரா, கூப்பிட வேண்டும் என்றாரா, ஏதோ ஒன்று. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்வார். அதுவும் மறந்துவிட்டது. அவர் பேசும்போதெல்லாம் நான் பிரெஞ்சு வினைச்சொல் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருப்பேன்.

மன்னிக்க வேண்டும் சார், தானாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். உங்கள் போனில் ஓடுகிறதே, அதைக் கேட்டபிறகு சும்மா உட்கார முடியவில்லை. இயர்போனை வீட்டில் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸே கேட்டுக்கொண்டு வருகிறது. ‘ஆழச் சேறு’தானே? அந்த மூச்சை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு பெண் சாகிற நேரத்தில் போலீசுக்குப் போன் பண்ணுகிறாள், ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். “அத்... தான்.” அதோடு சரி. அந்த வார்த்தை என்னுடையது.

குரல் என்னுடையது இல்லை. குரல் சென்னையில் ஒரு அம்மா, ரொம்ப நல்ல மாதிரி. அந்தத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதியது நான். முடிகிறபோது பெயர் வரும், ஆனால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதற்குள் செயலி அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடும். அம்பலவாணன். ‘ஆழச் சேறு’ என்ற தலைப்பு மட்டும் நான் வைத்ததில்லை. அதை மட்டும் என் தலையில் கட்டிவிடாதீர்கள்.

எனக்குக் காரைக்கால். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், வீட்டில் அப்பா தமிழ் இலக்கணம் சொல்லித்தந்தார். இரண்டு மொழியும் இரண்டு கை மாதிரி. பிறகு பிரான்ஸில் லியோன் நகரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன், மொழிபெயர்ப்பு வேலை. கல்யாணமும் அங்கேதான். பிரிந்ததும் அங்கேதான். சண்டை எல்லாம் இல்லை. கிளேர் கொஞ்சம் தெற்கே போனாள், நான் இன்னும் கொஞ்சம் தெற்கே வந்துவிட்டேன்.

வந்து அப்பா வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே அக்கா, அக்கா வீட்டுக்காரர். அக்கா பெயர் தையல்நாயகி, அவர் பெயர் வைத்தியலிங்கம். வைத்தீஸ்வரன்கோயில் சாமியும் அம்மனும் மாதிரி பெயர் பொருந்துகிறது என்று ஒன்றையே பார்த்து அப்பா பெண்ணைக் கொடுத்தார். அவர் மின்சாரத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். இருபது வருஷமாக அந்த வீட்டில் அவர் ராஜ்யம்தான். அப்பா கடைசியில் படுக்கையில் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியதெல்லாம் அவர்தானாம். நல்ல விஷயம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார வேண்டுமா?

அவரைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆள் எப்படி என்று தெரிந்தால்தான் நடந்தது புரியும். நான் வந்து இறங்கிய மறுநாள் மாடிக்குப் போனால், எல்லா சுவிட்சிலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர். ‘லைட்’, ‘ஃபேன்’, ‘கீசர் – குளித்ததும் அணைக்கவும்’. அழகான கையெழுத்து. ஊரை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது, எது எதுவென்று எனக்கு மறந்திருக்கும் என்று ராத்திரியே உட்கார்ந்து ஒட்டினாராம். இரண்டு மொழியில் இலக்கணம் படித்தவனுக்கு ஃபேன் சுவிட்ச் எது என்று தெரியாதா சார்? ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன், அவ்வளவுதான். அவரிடம் இதுவரை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘நீங்க’, ‘வாங்க’தான்.

இப்படி இருக்கும்போது இந்தத் தொடர் வந்தது. பிரான்ஸில் வடமேற்குக் கடற்கரை, உப்பங்கழி, எப்போதும் மழை, எப்போதும் சேறு. நீங்கள் பார்க்கிறீர்களே. துப்பறிகிற அம்மா ஒதில். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எனக்கு முதலில் இரண்டு எபிசோடுக்குத்தான் கதை அனுப்பினார்கள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வரும், கடைசியில் கொலைகாரன் யார் என்பது எழுதுகிற எனக்கே கடைசி வரை தெரியாது. அவ்வளவு ரகசியம். அதுவரைக்கும் யாரிடமும் எதையும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

ஆரம்பத்திலேயே அந்த வார்த்தை. பிரெஞ்சில் அவள் சொல்வது ‘போ-ஃப்ரேர்’. பிரெஞ்சுக்காரனுக்கு அக்கா புருஷனும் போ-ஃப்ரேர், தங்கை புருஷனும் போ-ஃப்ரேர், புருஷனுடைய அண்ணனும் அதுதான், தம்பியும் அதுதான். ஒரே வார்த்தையில் ஊரையே சந்தேகப்படலாம். கதையே அதில்தான் நிற்கிறது. நம் பாஷையில் அது நடக்குமா? கொழுந்தன் என்று போட்டால் புருஷனுடைய தம்பி என்று முதல் நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. மூத்தார் என்றால் அண்ணன். சகலை என்று பெண் சொல்லமாட்டாள். மச்சான் என்றால் டீக்கடை வாசனை வந்துவிடும். உறவை இவ்வளவு கறாராகப் பிரித்து வைத்திருக்கிற மொழியில் துப்பறியும் கதையே எழுதக் கூடாது சார்.

ஒரு வாரம் கடற்கரையில் நடந்தேன். அப்புறம்தான் தோன்றியது, அத்தான். அக்கா புருஷனும் அத்தான்தான், அத்தை பிள்ளையும் அத்தான்தான். பழைய சினிமாவில் கட்டின புருஷனே அத்தான்தான். சில வீடுகளில் புருஷனுடைய அண்ணனையும் பெரியத்தான் என்பார்கள். எத்தனை கதவு பாருங்கள். அத்-தான், இரண்டே அசை. போ-ஃப்ரேரும் இரண்டு. கொழுந்தனும் இரண்டுதான் என்பீர்கள், ஆனால் அது கொஞ்சம் இழுக்கும். சாகிற பெண் அவ்வளவு இழுத்துச் சொல்லமாட்டாள்.

அந்த வார்த்தையை எழுதுகிற நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் ஞாபகம் எனக்குத் துளிகூட வரவில்லை. சத்தியமாக. என் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுகொண்டு மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணி ஏறுதா ஏறுதா என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். இருந்தும் ஞாபகம் வரவில்லை. ஸ்டூடியோவில் அந்த அம்மா, இதை எப்படிச் சொல்லட்டும் சார் என்று கேட்டது. ரொம்ப நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள் சொல்கிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். அதுவும் கதையை வைத்துச் சொன்னதுதான்.

முதல் எபிசோடு வந்த அன்றைக்கு அக்கா தெருவையே கூப்பிட்டுவிட்டாள். தம்பி எழுதினது, தம்பி எழுதினது என்று. ஹால் நிறைய ஆள், பட்டாணிச் சுண்டல். பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் முன்வரிசை. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். அக்கா வீட்டுக்காரருடைய தம்பி பாலகுரு, முனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் பின்னால் கதவோரம் நின்றேன். எழுதியவன் பின்னால் நிற்க வேண்டும், அது ஒரு நாகரிகம்.

படம் ஆரம்பித்து இரண்டு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. அக்கா வீட்டுக்காரர் எழுந்து போய் ஸ்டெபிலைசரைப் பார்த்தார். வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது. டிவியின் வெளிச்சத்தைக் கூட்டினார். அப்போதும் இருட்டு. அப்புறம் ஒதில் கதவைத் திறந்துகொண்டு செத்தவள் வீட்டுக்குள் போகிறாள், கையில் டார்ச். மனுஷன் தாங்கவில்லை. “விஷயம் என்னன்னா, சுவிட்ச் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கு. எனக்கே தெரியுது. அந்தம்மா கை ஏன் அங்க போகமாட்டேங்குது?” என்று கேட்டார். கரண்ட் கட்டாக இருக்கும் என்றார் ஒருவர். பின்னால் ஃபிரிட்ஜில் பச்சை விளக்கு எரிகிறது என்று அவர் காட்டினார். மின்சாரத் துறைக்காரர் கண். ஹாலில் இருந்த எல்லாரும் பிணத்தை விட்டுவிட்டு சுவிட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உப்பங்கழியை மூன்று நிமிஷம் சும்மா காட்டுவார்கள், பார்த்தீர்களா? நீரும் நாணலும் மட்டும். அந்த மௌனத்துக்காகத்தான் ஐரோப்பாவில் பரிசு கொடுத்தார்கள். இங்கே அக்கா வீட்டுக்காரர் படம் நின்றுவிட்டது என்று நெட் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டார். மௌனம் முதலிலிருந்து ஓடியது. மறுபடி நின்றுவிட்டது என்று மறுபடி அணைத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தக் கழியைப் பார்த்த அளவுக்கு அதை எடுத்தவனே பார்த்திருக்கமாட்டான்.

ரெஜினா டீச்சருக்கு வேறு கவலை. பிணத்தை எப்போது கொடுப்பார்கள்? கொலைகாரன் யார் என்பதெல்லாம் அப்புறம், முதலில் பாடியைக் கொடுக்க வேண்டாமா? வாரா வாரம் கேட்பார். மூன்றாவது வாரமும் பிணவறையில்தான் கிடந்தது. செத்த வீட்டுக்கு ஒருத்தர் துக்கம் கேட்டு வரவில்லை, பெற்ற தாய் ஒரு மூச்சு அழவில்லை, காப்பி குடித்துக்கொண்டே போலீசுக்குப் பதில் சொல்கிறாள், இது என்ன ஜனம் என்று டீச்சர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் தெருவில் யாராவது அழ வேண்டுமென்றால் அவர் போய் அழுதுவிட்டு வரத் தயார். ஒதில் வாயைத் திறந்தால் பிரெஞ்சில் கெட்ட வார்த்தை. கம்பெனி அதெல்லாம் கூடாது என்றதால் எல்லாவற்றுக்கும் ‘சே’ என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதில் மயங்கிவிட்டார். எவ்வளவு கோபம் வந்தாலும் ‘சே’யைத் தாண்டாது, நல்ல வளர்ப்பு என்றார்.

அக்காவுக்கு ஒதில் மேல் இரக்கம். அதே கோட்டைப் போட்டுக்கொண்டு ஈரத்தில் அலைகிறாள், ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாளா, மகளுக்குப் போன் பண்ணுகிறாள் அது எடுக்கமாட்டேன் என்கிறது. நாலாவது வாரம் ஒதிலுக்கு இருமல் வந்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான்தான் கோட்டைக் காயப்போடாமல் விட்ட மாதிரி.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போயிருக்கும். அந்த வார்த்தைதான்.

ஒவ்வொரு எபிசோடும் அந்தப் போன் குரலில்தான் ஆரம்பிக்கிறது. “அத்... தான்.” இரண்டாவது வாரமே சண்டை. அது புருஷன்தான் என்றார் டீச்சர். சாகும்போது எவளாவது அக்கா புருஷனையா நினைப்பாள் என்றாள் அக்கா. அப்போதுதான் பாலகுரு வாயைத் திறந்தார். எழுதினது யாரு, நம்ம அம்பலம். அம்பலத்துக்கு இருக்கிறது ஒரே ஒரு அத்தான். இதுல என்ன துப்புத் துலக்க வேண்டியிருக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் மூன்றாவது எபிசோடில் செத்தவளுடைய அக்கா புருஷன் வந்துவிட்டான். கழியோரம் படகுப் பட்டறை வைத்திருப்பானே, அவன். எதையாவது ரிப்பேர் பண்ணிக்கொண்டே இருப்பான், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் புத்தி சொல்வான். அவனை அப்படிப் படைத்தது பிரெஞ்சுக்காரன், நான் பொறுப்பில்லை. அவன் பேசத் தொடங்கும்போதெல்லாம் ‘அலோர்’ என்பான். அது ஒரு அசைச்சொல், அதற்குத் தமிழில் அர்த்தம் கிடையாது. நான் ‘விஷயம் என்னன்னா’ என்று போட்டேன். எத்தனையோ யோசித்துப் பார்த்தேன், அதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்கவில்லை. எங்கே கேட்டேன் என்று தெரியவில்லை, காதில் நின்றிருந்தது.

அந்தப் படகுக்காரன் முதல்முறை திரையில் வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, “விஷயம் என்னன்னா” என்றான். ஹாலில் எல்லாத் தலையும் அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அப்புறம் ஒரு சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிப்பை என் தமிழுக்கு நான் எதிர்பார்த்ததில்லை. டீச்சருக்குப் புரை ஏறி அக்கா தலையில் தட்டினாள். அக்கா வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சுண்டல் தட்டுகளை அவரே எடுத்து அடுக்கி உள்ளே கொண்டுபோனார்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் பார்ப்பதில்லை. கொல்லையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மோட்டார் ரூமைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துவிடுவார். அதிலும் ஒரு சங்கடம். டிவி சத்தம் கொல்லைக்கு நன்றாகவே கேட்கும்.

தெருவுக்கு இது போதும். பால் வாங்கப் போனால் பின்னால் யாராவது மூச்சு விடுவார்கள், “அத்... தான்.” பாலகுரு கடையில் அக்கா வீட்டுக்காரருடைய பிரஷர் மாத்திரையைக் கொடுக்கும்போது, என்ன அண்ணே, அடுத்த வாரம் ஜெயிலுக்கு உள்ளதானா என்று கேட்பாராம். அவர் வாக்கிங் போவதை நிறுத்தினார். நான் கீழே சாப்பிட வரும் நேரம் பார்த்து அவருக்குப் பசியில்லாமல் போனது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் பசி குறையும்.

இதில் என் தப்பு என்ன சார்? கலை என்றால் கலை, வீடு என்றால் வீடு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறது நம் ஜனம். லியோனில் ஒரு தொடரில் மாமியார் கொலைகாரி என்றால் மாமியார்கள் யாரும் கொல்லையில் போய் உட்காருவதில்லை.

அப்புறம் எங்கள் நகர் நலச்சங்கக் கூட்டம். அவர்தான் செயலாளர், வருஷா வருஷம் அவர்தான். தெருமுனைச் சாக்கடையை மூட வேண்டும் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்து, அதிகாரி ஒருவரைக் கூட்டத்துக்கே வரவழைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி. நான்கூடப் போயிருந்தேன். அவர் எழுந்தார், கையில் குறிப்பு எதுவும் இல்லை, எல்லாம் மனப்பாடம். தொண்டையைச் செருமிக்கொண்டு, “விஷயம் என்னன்னா...” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு மூச்சு. அத்... தான்.

கூட்டமே சிரித்தது. விஷயம் தெரியாத அந்த அதிகாரியும் எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். இவர் நின்றுகொண்டே இருந்தார். மறுபடி பேச வாயெடுத்தார், எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. இருபது வருஷமாக அந்த இரண்டு வார்த்தையில்தானே எதையும் தொடங்கியிருக்கிறார். உட்கார்ந்துவிட்டார். சாக்கடை பேசப்படவில்லை. வரும்போது நானும் அவரும் ஒரே தெருவில்தான் நடந்து வந்தோம், அவர் கொஞ்சம் முன்னால்.

அன்றைக்கே ஓசூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டுவிட்டார். கொஞ்ச காலம் அங்கே வந்து இருக்கிறோம் என்று. எவ்வளவு காலம் என்று கேட்டால், பார்ப்போம் என்றாராம். அக்காவும்தான் போக வேண்டும், வேறென்ன செய்வாள்? அவளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு ஊர் தெரியாது. செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து பெட்டி இறங்கிவிட்டது. அவர் எனக்காக மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தார், எத்தனை மணிக்குப் போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று. அதை நான் பிய்க்கவில்லை. மோட்டார் விஷயம் எனக்கு நிஜமாகவே தெரியாது.

அப்போதுதான் கடைசி எபிசோடின் கதை எனக்கு வந்து சேர்ந்தது.

காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள் சார், பெயரைச் சொல்லமாட்டேன். உறவை மட்டும் சொல்கிறேன். கொலைகாரன் அவள் புருஷனுடைய தம்பி. கொழுந்தன். அத்தானே இல்லை. எந்த ஜில்லாவிலும், எந்தச் சாதியிலும், கொழுந்தனை யாரும் அத்தான் என்று சொல்வதில்லை. இத்தனை கதவு வைத்தேன், அந்த ஒரு கதவுதான் இல்லை. மன்னியுங்கள், சொல்லிவிட்டேனோ. நீங்கள் ஏழாவதுதான் பார்க்கிறீர்கள் இல்லையா. பரவாயில்லை, எட்டாவதில் இன்னும் நிறைய இருட்டு இருக்கிறது, அதைப் பாருங்கள்.

ஸ்டூடியோவுக்குப் போன் பண்ணினேன். அங்கே எங்களுக்கு டப்பிங் பார்க்கிறவர் தனசேகர். பழசையெல்லாம் மாற்ற முடியாது சார், ஏழு எபிசோடு வெளியே போயாச்சு, ஜனங்க அந்த வார்த்தையை ரிங்டோனா வச்சிருக்காங்க, எட்டாவதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க, ஆனா நீளத்துக்குள்ள பண்ணுங்க என்றார். நான் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் மொழிபெயர்க்கிறவன். இருபது வருஷமாக அதுதான் என் பெயர். நேர்மையான வழி ஒன்றே ஒன்றுதான். எட்டாவதில் ஒதில் ‘கொழுந்தன்’ என்றே சொல்லட்டும், அத்தான் என்று கேட்டது போன் கோளாறு என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். அப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டு நேற்றுக் காலையில் சென்னைக்குக் கிளம்பினேன்.

வாசலில் அக்கா வந்து நின்றாள். முந்தின வாரமே கேட்டிருந்தாள், கொலைகாரன் யாரென்று சொல்ல வேண்டாம், அத்தான் இல்லை என்று மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று. ஒப்பந்தத்தை எடுத்துச் சொன்னேன். அவளுக்கு ஒப்பந்தம் புரியவில்லை. நேற்று அதைப் பற்றிக் கேட்கவில்லை. இட்லிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“நீ வந்து ஒரு வருஷம் ஆகப்போவுது அம்பலம். ஒரு தடவை அவரை வாய் நெறைய அத்தான்னு கூப்பிட்டிருக்கியா? டிவியில சாவுறவ வாயாலதான் கூப்புடுறே.”

பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியில்லை. கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, கூப்பிடுகிற அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருக்கிறோம். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எதிரில் போய் நின்றால் போதும், அவரே பேச ஆரம்பித்துவிடுவார். ஆனால் சின்ன வயதில் கூப்பிட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் அவர் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். நான் கேட்டுக்கு உள்ளே போனபிறகு ஏதாவது ஞாபகம் வந்து, அத்தான், அத்தான் என்று கத்துவேன். தெருக்கோடிக்குப் போனவர் திரும்பி வருவார்.

சிதம்பரம் தாண்டினபோது எனக்கு ஒரு மொழியியல் விஷயம் புலப்பட்டது. மொழியியல்தான், வேறொன்றுமில்லை. பிரெஞ்சில் போ-ஃப்ரேர் என்பது ஒருவரைச் சுட்டிக்காட்டுகிற சொல். யாரும் யாரையும் போ-ஃப்ரேர் என்று கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அங்கே அந்தப் பெண் சொன்னது குற்றச்சாட்டு. நம் பாஷையில் காட்டுகிற சொல்லும் கூப்பிடுகிற சொல்லும் ஒன்றேதான். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே கிடையாது, கேட்கிறவன் காதைத் தவிர.

எட்டாவது எபிசோடு நாளை சாயங்காலம் வருகிறது. அவர்களுக்கு ஓசூருக்கு டிக்கெட் நாளை மறுநாள். பாலகுரு கடை வாசலில் பெரிய டிவி வைத்து, தெருவுக்கே போட்டுக் காட்டப்போகிறாராம். அக்காவுக்குக் கொழுந்தன் அவர் ஒருத்தர்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒப்பந்தம் இருக்கிறது.

கடைசிக் காட்சியில் ஒதில் கழியைப் பார்த்துக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். உதவியாளன் கேட்கிறான், அப்படியானால் அந்தப் பெண் போனில் சொன்னது யாரை என்று. பிரெஞ்சில் ஒதில் சொல்வது, அந்தப் பெண் தன்னைக் கொன்றவனைக் காட்டிவிட்டுத்தான் செத்தாள் என்பது. ‘கொழுந்தன்’ என்றும் போன் கோளாறு என்றும் நான் எழுதிக்கொண்டு போயிருந்ததை ஸ்டூடியோவில் கிழித்துப் போட்டேன். ஒதிலுக்குக் குரல் கொடுக்கிற அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தது. நீளம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் இல்லாத இந்த வரியை எழுதிக் கொடுத்தேன்:

“அவங்க யாரையும் காட்டிக்கொடுக்கல. பட்டறையில இருந்த அத்தானைக் கூப்பிட்டிருக்காங்க, கேட்டா ஓடி வந்துடுவாருன்னு.”